நிழல் என்னும் சொல்: தருவோரும் பெறுவோரும்

பலபொருள் ஒருசொல் என்னும் வகையில் அடக்கப்பெற்றுவிட்ட சொற்களைப் பற்றி மேலும் ஆராய வேண்டியதில்லை என்னும் எண்ணம் தமிழாய்வில் பரவலாக உள்ளது. பொருள்களை எண்ணி வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றுக்கும் இலக்கியச் சான்று காட்டிவிட்டால் பணி முடிந்ததாகக் கருதப்படுகிறது. நிழல் என்னும் சொல்லும் இவ்வாறே நடத்தப்பெற்றுள்ளது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி உள்ளிட்ட அகராதிகளில் சாயை, எதிருருவம், ஒளி, குளிர்ச்சி, அருள், புகலிடம் என இச்சொல்லின் பொருள்கள் தனித்தனியே நிற்கின்றன. இருளின் சாயல் கொண்ட சாயையும் இருளுக்கு மறுதலையான ஒளியும் ஒரே சொல்லின்கீழ் எவ்வாறு வந்தன என்பதற்கு இவ்வரிசை விடை தருவதில்லை. அவ்விடையைத் தேடும்போதுதான் இச்சொல் எதனைப் பற்றியது என்பது தெளிவுபெறும்.

கலித்தொகையின் பாலைக்கலியில் ஒரு பாட்டு (கலி. 11) இவ்வாய்வுக்கு ஏற்ற தொடக்கம். பொருள்தேடிப் பிரிந்த தலைவன், தான் செல்லும் காட்டைப் பற்றி முன்பு சொன்னவற்றைத் தலைவி நினைவுகூர்கிறாள். கலங்கிய சிறிதளவு நீரைப் பிடிக்கு ஊட்டியபின் தான் உண்ணும் களிறு, பெடையின் வருத்தத்தை மெல்லிய சிறகால் ஆற்றும் புறா ஆகியவற்றோடு, நிழலின்றி வருந்தும் பிணைமானுக்குத் தன் நிழலைக் கொடுத்துக் காக்கும் கலைமானும் அங்குண்டு. இத்தகைய காட்டில் செல்பவர் வாராதிரார் என்பது தலைவியின் துணிபு.

இங்கு நிழல் என்னும் சொல் அடுத்தடுத்து இருமுறை வருகின்றது. பிணைக்கு இல்லாதது மரநிழல். கலை கொடுப்பது உடல்நிழல். முன்னது ஒருவர் சென்று தங்கும் இடம். பின்னது ஓர் உடலை விட்டுப் பிரியாத கருமை. ஆங்கிலம் இவ்விரண்டுக்கும் வெவ்வேறு சொல் வைத்திருப்பதால், அம்மொழியில் பெயர்ப்பவர் இரண்டாம் இடத்தில் எதைத் தேர்ந்தாலும் இழப்பு நேரும். தமிழில் அவ்விடைவெளியே இல்லை. ஆண்மானின் மேனி வெயிலைத் தாங்கிய கணத்திலேயே உடல்நிழல் மரநிழல் ஆகிவிடுகிறது. கலை வெயிலில் நின்றாலன்றிப் பிணைக்கு நிழல் கிடையாது என்பதைப் பாட்டு சொல்லாமல் விட்டது. சொல்லியிருந்தால் பாட்டின் நயம் கெட்டிருக்கும்.

அண்டை மொழிகள் இவ்விடத்தில் வெவ்வேறு வழிகளில் சென்றுள்ளன. தெலுங்கின் நீட, கன்னடத்தின் நெரளு ஆகியவை தமிழைப் போலவே இரு பொருளையும் ஒருங்கே தாங்குகின்றன. மலையாளமோ பிரித்துக்கொண்டது. அங்கே நிழல் என்பது உருவின் சாயை. மரத்தடியின் குளிர்ச்சிக்குத் தணல் என்பது பெயர். எனவே கலைமான் கொடுத்தது நிழலா தணலா என்னும் வினா மலையாள வாசகர் ஒருவருக்கு இயல்பாகவே எழும். இன்றைய தமிழ் வழக்கில் தணல் நெருப்புக் கங்கைக் குறிப்பதால், கேரளத்தில் சங்க இலக்கியம் பயிற்றுவோர் இச்சொல்லால் இடர்ப்படுவதும் உண்டு.

ஒளியும் நிழலே

ஒளி என்னும் பொருளை இனிக் காணலாம். சிறுபாணாற்றுப்படையில் ஆய் என்னும் வள்ளல், நாகம் நல்கிய நீல ஆடையை ஆலமர் கடவுளுக்குக் கொடுத்த செய்தி கூறப்படுமிடத்து அந்நீலம் நிழல் திகழ்வது எனப்படுகிறது. நிழல் என்பதற்கு அங்கு ஒளி என்று கொண்டாலன்றிப் பொருள் சிறவாது. அகநானூற்றில் (அகம். 71) கண்ணாடிக்கு நிழல் காணும் வட்டம் என்னும் பொருள்பட ஒரு பெயர் உண்டு, அதன்மேல் ஊதிய ஆவி மெல்ல மெல்லச் சுருங்கி மறைவதுபோலத் தலைவியின் வலிமை தேய்கிறதாம். அங்கே நிழல் எதிருருவம். குறுந்தொகையிலோ (குறுந். 123) புன்னையின் கொழுநிழல் இருள் செறிந்து திரண்டது போன்றது, அதன் அருகே கிடக்கும் வெண்மணல் நிலவைக் குவித்தது போன்றது. கருமையும் வெண்மையும் அவ்வளவு அடுத்தடுத்து நின்றும் நிழல் கருமையின் பக்கமே நிற்கிறது.

மணியின் ஒளி, ஆடியின் உருவம், மரத்தின் கருமை ஆகிய மூன்றையும் ஒளியின் அளவு கொண்டு நோக்கினால் அவை முரண்படும். அவை எவ்வாறு தோன்றுகின்றன என்று நோக்கினால் முரண் இல்லை. மூன்றும் ஒரு பொருளிலிருந்து புறப்பட்டு, அப்பொருளின் எல்லைக்கு அப்பால் சென்று, வேறொன்றின்மேல் விழுபவை. மணி தன் நிறத்தைச் சூழலின்மேல் வீசுகிறது. முகம் தன் வடிவை ஆடியின்மேல் இடுகிறது. மரம் தன் தண்மையை நிலத்தின்மேல் பரப்புகிறது. விழுதல், தருதல், செய்தல் என்னும் வினைகளோடு இச்சொல் இயல்பாகச் சேர்வதும் கருதத்தக்கது. ஒன்றின் இன்மையை யாரும் பிறர்க்குத் தர இயலாது.

இந்திய மெய்யியலில் இருள் பற்றிய வழக்கு இதனோடு ஒப்பிடத்தக்கது. இருள் என்பது ஒளியின் இன்மையே என்பது நியாய வைசேடிகர் கொள்கை. பாட்ட மீமாஞ்சகர் அதனை நிறமும் இயக்கமும் உடைய தனிப்பொருளாகக் கொள்வர். தமிழ்ச்சொல்லின் வழக்கு இரண்டாம் அணியை நோக்கிச் சாய்வதாகத் தோன்றினும், ஒரு சொல்லின் வரலாற்றைக் கொண்டு ஒரு மக்களின் மெய்யியலை அளக்க முயல்வது மிகையாகும். வடமொழியின் சாயா என்னும் சொல்லும் நிழல், எதிருருவம், மேனியொளி ஆகிய பொருள்களை ஒருங்கே உடையது. நாடகங்களில் பாகதத்தில் அமைந்த பேச்சுக்கு வடமொழியில் எழுதப்படும் பெயர்ப்பையும் சாயா என்றே வழங்குவர். ஒரு மொழியின் நிழல் இன்னொரு மொழியின்மேல் விழுகிறது என்னும் இவ்வழக்கு, மொழிபெயர்ப்பாளர் தம் தொழிலுக்கு இட்டுக்கொண்ட பெயர்களுள் மிகப் பணிவானது.

குடையும் அடியும்

ஒன்றிலிருந்து புறப்பட்டு மற்றொன்றின்மேல் விழுவது என்று கொண்டால், நிழலுக்கு இருவர் வேண்டும்: தருபவரும் பெறுபவரும். நிழல் என்னும் சொல் அரசியற்சொல்லாக மாறியது இங்கேதான். சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனிடம் நிலவரி நீக்கம் வேண்டிய வெள்ளைக்குடி நாகனார், அவனுடைய வெண்கொற்றக்குடை வெயிலை மறைப்பதற்கு எடுத்ததன்று, வருந்தும் குடிகளை மறைப்பதற்கு எடுத்தது என்கிறார் (புறம். 35). அவ்விடத்தில் நிழல் என்னும் சொல் இல்லை. மறைத்தல் என்னும் ஒரே வினை வெயிலுக்கும் குடிக்கும் பொருந்துமாறு நிறுத்தப்பட்டுள்ளது. குடையின் நிழல் உண்மையில் அரசன் தலைமேல்தான் விழும் என்பது புலவருக்குத் தெரியாததன்று. அது குடிமேல் விழுவதாகக் கூறி, அவ்வாறு கூறியதாலேயே அரசனைக் கடமைப்படுத்துகிறார். வரியும் நீக்கப்பட்டதென்பது பாட்டின் அடிக்குறிப்பால் விளங்கும். சங்கப் புறப்பாடல்களில் புகழ்மொழியாகக் கொள்ளப்படும் பல, இவ்வாறு கோரிக்கைகளாகவும் நிற்பவை என்பதனை இன்னும் விரிவாக ஆராய இடமுண்டு.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் இவ்வுறவு தலைகீழாகிறது (குறள். 1034). பல வேந்தரின் குடைநிழலையும் தம் வேந்தனின் குடைக்கீழ்க் காண்பவர் யார் எனின், கதிர்களை உடைய உழவர். அக்குறளில் நீழல் என்னும் சொல் இருமுறை வருகிறது. முதலாவது, குடையின்கீழ் அமைந்த நிலப்பரப்பு. இரண்டாவது, உழவரின் தண்ணளி என்பது பரிமேலழகர் உரை. ஒரே சொல், ஒருமுறை ஆட்சியையும் மறுமுறை ஈகையையும் குறிக்கிறது. குடைநிழலை வேந்தனுக்கு ஈட்டித் தருவது உழவரின் நிழலே என்னும் வாதம் இச்சொல் மீட்சியிலேயே அடங்கியுள்ளது. உரையாசிரியர் இரு பொருளையும் பிரித்துக் காட்டினார். அவை ஏன் ஒரே சொல்லால் கூறப்பட்டன என்பதில் அவருக்கு நாட்டமில்லை. பிற்கால ஆய்வாளர்க்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை.

வள்ளுவரிடம் நிழல் எப்போதும் இனிது அன்று. நீரும் நிழலில் இருந்தாற்றான் இனிது என்று காமத்துப்பாலில் கூறுபவர் (குறள். 1309), உட்பகையில் நிழலும் நீரும்கூடத் தீங்காகும் என்கிறார் (குறள். 881). தீயவை செய்தவர் கெடுதலுக்கு அவர் நிழலே உவமை (குறள். 208), எவ்வளவு நீண்டு சென்றாலும் அது மீண்டு வந்து அடியில் தங்கும். இம்மூன்றாவது ஆட்சியில் நிழலைத் தருபவரும் பெறுபவரும் ஒருவரே. வேறொருவர்மேல் விழாத நிழல் தன்மேலேயே விழுகிறது போலும்.

சமயப் பாடல்களில் குடையின் இடத்தை அடி பெற்றது. புரவலன் தாள்நிழலில் வாழ்தல் என்னும் வழக்கு புறநானூற்றிலேயே உண்டு ஆகலின் இது புதுச்சொல்லன்று. புதியது அதன் உரிமையாளர் மாறியமை. திருநாவுக்கரசரைப் பல்லவ அரசன் நீற்றறையில் இட்டபோது பாடியதாகப் பெரியபுராண மரபு கூறும் பதிகம் (5.90) ஈசனின் இணையடி நீழலைப் பாடுகிறது. அரசனின் குடைநிழல் கொல்ல வந்த இடத்தில் வேறொரு நிழல் நாடப்படுகிறது. அங்கு நிழலுக்குக் கூறப்பட்ட ஐந்து உவமைகள்: குற்றமற்ற வீணையொலி, மாலை நிலா, வீசும் தென்றல், இளவேனில், வண்டு ஒலிக்கும் பொய்கை. மரம் இல்லை; குடை இல்லை. ஒலி, ஒளி, ஊறு, பருவம், நீர் எனப் புலன்கள் ஒவ்வொன்றாகத் திறக்கின்றன. நிழலுக்கு நிலவொளி உவமையாவதைப் பிறமொழி வாசகர் வியப்பர். நிழலும் ஒளியும் முரணாத மொழியில் அது இயல்பான உவமை.

அரசனும் கடவுளும் ஒரே நிழலுக்கு உரிமை கொண்டாடியது தமிழகத்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. தில்லியை 1266 முதல் 1287 வரை ஆண்ட பால்பன், சுல்தான் என்பவன் கடவுளின் நிழல் என்னும் பாரசீக மரபுக் கொள்கையை வலியுறுத்தினான். பிற்கால முகலாய அரசவை வழக்கிலும் அப்பட்டம் நிலைத்தது. பாரசீகம் தந்த சாயா என்னும் சொல் இந்தி, உருது வழக்கில் இன்றும் காவலைக் குறிக்கும். தந்தையை இழந்தவரைத் தலைமேலிருந்து தந்தையின் நிழல் எழுந்துவிட்டது என்பர். அதே சொல் பேய் பிடித்தலையும் குறிப்பது நோக்கத்தக்கது. யாருடைய நிழல் என்பதை வைத்தே அது அருளா அச்சமா என்பது முடிவாகிறது.

அதிவீரராம பாண்டியரின் வெற்றிவேற்கை இதனை மரங்களின்மேல் ஏற்றிக் கூறும். பனையின் பெரிய விதை வானளாவ வளர்ந்தும் ஒருவர்க்கும் நிழலாகாது; ஆலின் மிகச்சிறு விதையோ நாற்படையோடு வரும் மன்னர்க்கு நிழலாகும். செல்வரின் ஈகையைப் பற்றிய இவ்வுவமை பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாயிற்று. பனைக்கு இது நேர்மையான தீர்ப்பு அன்று. நிழல் தராத அப்பனையின் ஓலையே அப்பாட்டை நூற்றாண்டுகள் தாங்கி நின்றது.

தீண்டும் நிழல்

நிழலைத் தருபவர் பெருமைக்கு இலக்கியம் கொடுத்த இடத்தை, நிழலால் இழிவுபடுத்தப்பட்டோர்க்குச் சொல்லாய்வு கொடுத்ததில்லை. ஒருவர் நிழல் இன்னொருவர்மேல் பட்டால் தீட்டு என்னும் நம்பிக்கை இந்தியாவின் பல பகுதிகளில் வாழ்க்கை ஒழுங்காகவே இருந்தது. பேஷ்வா ஆட்சியின் மராட்டிய நாட்டில், சாதி இந்து ஒருவர் எதிரே வந்தால் தீண்டப்படாதவர் பொதுத்தெருவில் நடக்கக்கூடாது, அவர் நிழல் தீட்டாகும் என்றிருந்த நிலையை அம்பேத்கர் 1936இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில் எடுத்துக்காட்டியுள்ளார்.

இதனைச் சமூக வரலாறு என்று ஒதுக்கிச் சொற்பொருளாய்வு கடந்துசெல்வது பொருந்தாது. ஒன்றிலிருந்து புறப்பட்டு வேறொன்றின்மேல் விழுவது என்னும் அதே பொருட்கரு இங்கும் செயற்படுகிறது. வேந்தன் உடலிலிருந்து அருள் செல்லும் என்று நம்பியவர்களே, உழைப்பவன் உடலிலிருந்து மாசு செல்லும் என்றும் நம்பினர். இரண்டாம் நம்பிக்கை முதலாவதன் சிதைவு அன்று, அதன் மறுபக்கம். நிழல் வெறும் ஒளியின்மை என்று கொண்ட ஒரு மனத்துக்கு இரண்டுமே இயலாதவை. கலைமானின் நிழலை வியக்கும் ஆய்வு, இதனையும் அதே சொல்லின்கீழ் எழுதியாக வேண்டும். மாலைநேரத்தில் மனித நிழல் நீளும் என்னும் இயற்கை உண்மை, ஒருவர் எந்நேரத்தில் எத்தெருவில் நடக்கலாம் என்பதை முடிவுசெய்த நாட்டில், பொருள்களின் பட்டியலில் குளிர்ச்சியும் அருளும் மட்டும் இருந்தால் அப்பட்டியல் குறையுடையது.

இன்றைய ஆட்சிகள்

அண்மைக் கால வழக்குகள் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழி வந்தவை. நிழல் உலகம், நிழல் யுத்தம், நிழல் அமைச்சரவை என்பனவற்றில் நிழல் ஒளிந்திருப்பதையோ உண்மையல்லாததையோ குறிக்கும். இவை தமிழின் பொருட்பரப்பில் முன்பு இல்லாத ஒரு கூறினைச் சேர்த்துள்ளன என்பதில் ஐயமில்லை. எனினும் மௌனியின் அழியாச்சுடரில் மனிதர் எவற்றின் நிழல்கள் என்று எழும் வினா, இறக்குமதிப் பொருளைக் கொண்டு விளக்கத்தக்கதன்று. யாருடைய நிழல் என்னும் பழைய தமிழ் வினாவே அங்கு விடையற்றுப் போகிறது.

ஒளிப்படக் கலைக்குத் தமிழ் இட்ட பெயர்கள் சுவையானவை. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்றும் புழங்குகின்றன. கலைச்சொல்லாளர் இவற்றுள் ஒளிப்படமே சரியானது என்பர். மூலச்சொல்லில் ஒளி என்னும் பொருளே உள்ளது என்பது அவர்தம் காரணம். முகம் கண்ணாடியில் இட்ட உருவத்தை நிழல் என்றே வழங்கிய மொழியில், தாளில் பதிந்த உருவத்தை நிழற்படம் என்றது பிழையாகாது. நிழல் ஒளியையும் குறிக்கும் என்பதை மறந்த பின்னரே இவ்விரு பெயர்களும் ஒன்றையொன்று மறுப்பனவாகத் தோன்றின. புகைப்படத்துக்கு மட்டும் இவ்வழியில் அரண் காட்ட இயலாது.

நிழலையே கலையாக்கிய தோற்பாவைக்கூத்து கேரளத்தின் பாலக்காட்டுப் பகுதியில் கம்பராமாயணப் பாடல்களைக் கொண்டு பத்திரகாளி கோயில்களின் கூத்துமாடங்களில் நிகழ்த்தப்படுகிறது. தாரிகனை வதைக்கச் சென்றமையால் இராம இராவணப் போரைக் காணாத தேவிக்கு அப்போர் காட்டப்படுகிறது என்பது மரபு. எதிரே மனிதர் ஒருவரும் இல்லாத இரவுகளிலும் திரையில் நிழல் விழும். பெறுபவள் தேவி ஆதலின் கூத்துக்குக் குறைவில்லை.

தமிழகச் சாலைகளில் பயணியர் நிழற்குடை என்னும் பெயர்ப்பலகையைக் காணாதவர் இல்லை. பேருந்து நிறுத்தக் கூரைக்கு இப்பெயரை இட்டவர் யாராயினும், குடைநிழல் என்னும் பழஞ்சொல்லை முன்பின்னாக மாற்றி ஆட்சிச் சின்னத்தைப் பொதுமக்கள் தலைக்குமேல் நிறுத்தினார். பலவற்றில் நாடாளுமன்ற அல்லது சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி என்னும் குறிப்பும் உறுப்பினர் பெயரும் பெரிய எழுத்தில் இருக்கும். நாடாளுமன்ற உறுப்பினர்க்கான அந்நிதித் திட்டம் 1993இல் தொடங்கியது. நிதி மக்களுடையது, பெயர் தருபவருடையது. நாகனார் காலத்துக் குடை அவ்வளவில் மாறாமலே உள்ளது.

மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து எழுப்பப்பட்டிருந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அச்சுவர் செய்தியானபோது நாடு முழுவதும் அதனைப் பற்றியே பேசியது. அவ்வூர்த் தலித் மக்கள் தொடர்ந்து கேட்டுவந்தவற்றுள் கோயில் வழிபாட்டு உரிமையோடு இன்னொன்றும் இருந்தது: பேருந்துக்குக் காத்திருக்க ஒரு நிழற்குடை.